சுல்தானுக்கு எங்கள் ஊரில் தொழுத ஜனாஸா

“உங்கட ஊர்ப் பள்ளியில வெள்ளிக்கிழமை யார்ட பேரைச் சொல்லி துஆக் கேட்டவை?”

மகன், போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சப்பாத்துக் குவியலுக்குள் என்னுடைய இடது காலைத் தேடிக்கொண்டு நின்றபோது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். நிமிர்ந்து பார்த்தால் போஸ்னியாக்காரர் எதெம். அம்ராவின் வாப்பா, உனக்கு மாமனாராக வரவேண்டியவர். நகரத்தின் மறுமுனையில், மோர்னிங்சைட்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொழ இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பஸ்ஸும் சப்வேயும் மாறி, சென் ஜேம்ஸ் ரவுணில் நம்முடைய கட்டடத்துப் பார்ட்டி ரூமுக்கு, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பலூன்கள் இன்னும் கழற்றப்படாமல் தொங்குகிற அந்த மண்டபத்துக்குத் தொழ வந்திருக்கிறார். கலியாணத்தை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்தித்துக்கொள்ளும். ஆகவே அவர் சொன்னதை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த ஒரு கேள்வியிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சை நினைத்தால் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. உன் உம்மா இரண்டு முறை தேத்தண்ணீர் வைத்துத் தந்தா, இரண்டையும் ஆறவிட்டுவிட்டேன். “உங்களுக்கு என்ன, பரீட்சையில பாஸ் பண்ணின பொடியன் மாதிரி நடக்கிறியள்?” என்று கேட்கிறா. நீ இருக்கிற அஜக்ஸுக்கு ஒரு போன் எடுத்து உன்னிடமே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ நடுவில் மறித்து நபிகளாரின் ஹதீஸ் சொல்வாய், நான் மறித்து வரலாறு சொல்வேன், உம்மா மற்றப் போனைத் தூக்கி இரண்டு பேரையும் ஏசுவா. கடிதம் என்றால் முடியும்வரை நீ கேட்டே ஆகவேண்டும். வரலாற்று வாத்தியாரான எனக்கு வகுப்பில் கிடைக்காத வசதி இது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். எதெம் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த நாள். நீ பழக்கிவிட்ட தமிழில் அம்ரா, “காணும் மாமி, காணும்” என்று சோற்றுக் கோப்பையைக் கையால் மூடினாள். உம்மா உன் பக்கம் திரும்பி, “காணும் எண்டதை மட்டும் ஏன்டா பழக்கினாய்? இன்னும் கொஞ்சம் போடுங்கோ எண்டு பழக்கியிருக்கலாமே” என்று ஏசினா. எல்லோரும் சிரித்தோம். நான் சிரிக்கும்போதெல்லாம் எதெம் என் கடைவாய்ப் பல்லையே பார்த்தார். அவர் ஊரில் பல் வைத்தியர், இங்கே ஒரு கூடத்தில் மற்றவர்களுக்குப் பொய்ப்பல் செய்கிறார். பல்லைப் பார்த்து முடிந்த நேரமெல்லாம் சுவரில் இருந்த என் வாப்பாவின் படத்தைப் பார்த்தார். அதுவும் முகத்தை அல்ல, தலையில் இருந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை. கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிக்காஹ் அன்று காலையில் தங்கள் வழக்கப்படி நபிகளாரின் புகழைப் பாடும் மவ்லிது ஓதவேண்டும், தானே ஓதுகிறேன் என்று சொன்னார்.

நீ மரியாதையாகத்தான் பேசினாய். அதை நான் எங்கேயும் சொல்வேன். அது நபிகளாருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த பழக்கம், நிக்காஹ் எளிமையாக இருக்கவேண்டும், கல்சர் வேறு, தீன் என்கிற மார்க்கம் வேறு என்று விளக்கினாய். உம்மா தமிழில் குறுக்கே பாய்ந்தா. “எங்கட கலியாணத்திலயும் மவ்லிது ஓதித்தான் சோறு போட்டது. அப்ப எங்கட கலியாணம் கலியாணம் இல்லையோ?” “உம்மா, ப்ளீஸ், அது வேற.” “என்ன வேற? நெய்ச்சோறு வேறயோ?” அம்ரா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதெம் கைதுடைக்கும் கடதாசியை நாலாக மடித்து வைத்தார். வட்டிலப்பம் நன்றாக இருக்கிறது என்றார். போய்விட்டார்.

பிறகு நடந்ததை நீ அறிவாய். மகளைக் கொடுக்கும் தகப்பனாக வந்து சம்மதம் சொல்வார், சொன்ன கையோடு எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார், சபையில் இருக்கமாட்டார் என்று அம்ரா உன் உம்மாவுக்குப் போன் பண்ணி அழுதாள். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. மாமன் மச்சான் எல்லோரும் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அவளுடைய பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு கதிரையும் காலியாகப் போகிறது. நீ என்னிடம், “வாப்பா, ஒரு கொள்கைக்காக இதைத் தாங்கத்தான் வேணும்” என்றாய். அதற்கான பதில் என்னிடம் இப்போது இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. நீயும் உன் கூட்டாளிகளும் வேலை முடிந்து களைத்துப் போய் வந்தும், குந்தியிருந்து குர்ஆனின் பொருளைப் படிப்பதை நான் கேலியாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. விடியற்காலைப் பஜ்ருக்கு அலாரம் வைக்காமல் எழும்புகிறாய். நான் உன் வயதில் என் உம்மா தண்ணீர் தெளித்தால்தான் எழும்புவேன். உன் விழிப்பு எனக்குப் பெருமை. அந்த விழிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். பாடப்புத்தகத்தில் அது இரண்டு தலைப்பாக இருக்கும். ஒன்று பேரரசின் வீழ்ச்சி, மற்றது சமய மறுமலர்ச்சி. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு பொய் என்று நான் கண்ணால் பார்த்தேன். எதெமுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். இதை ஏன் உனக்கு இதுவரை சொல்லவில்லை என்று யோசித்தேன். எனக்கே இதன் அருமை அவர் கேட்டபிறகுதான் தெரிந்தது.

குத்பாப் பிரசங்கத்தின் கடைசியில் ஆளுகிறவருக்காக இறைவனிடம் துஆக் கேட்பது பழைய வழக்கம். மன்னாரில் எங்கள் ஊர்ப் பள்ளியில் தொழுவிக்கிற லெப்பை, கையில் கோலைப் பிடித்துக்கொண்டு, அரபியில் அச்சடித்த ஒரு பழைய கிதாபைப் பார்த்து ஓதுவார். அதில் துருக்கிச் சுல்தானின் பெயர் இருந்தது. அவருக்கு நீண்ட ஆயுளும் அவருடைய படைகளுக்கு வெற்றியும் தரும்படி லெப்பை கேட்பார், நாங்கள் ஆமீன் சொல்வோம். எங்களை ஆண்டவன் இங்கிலீசுக்காரன். துருக்கியை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. அந்தச் சுல்தான் இறந்து, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் துரத்தப்பட்டு, அந்தப் பேரரசே துண்டு துண்டாகி, ஆளாளுக்குப் பங்கு போட்டு எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன. எங்கள் ஊரில் மட்டும் அவர் சுகமாக ஆண்டுகொண்டிருந்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஊருக்கு வந்த காலம் அது. கொழும்பில் வெள்ளைக்காரன் பெட்டி படுக்கையைக் கட்டத் தொடங்கியிருந்தான். அப்போதும் நாங்கள் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம்தான் என் சாச்சா, வாப்பாவின் கடைசித் தம்பி, தமிழ்நாட்டில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்துக்கொண்டு வந்தார். உன்னை மாதிரித்தான், கண்ணில் ஒரு வெளிச்சம், பையில் புத்தகம், வாயில் ஆதாரம். முதல் வெள்ளிக்கிழமையே அவருடைய காதில் அந்தப் பெயர் விழுந்தது. தொழுகை முடியும்வரை பொறுத்திருந்து, எல்லோரும் போனபிறகு லெப்பையிடம் போனார். நானும் கூட நின்றேன்.

“லெப்பை, இந்தச் சுல்தான் மௌத்தாகி எவ்வளவோ காலம். துருக்கியில இப்ப சுல்தானே இல்லை.”

லெப்பை கிதாபை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

“அப்ப நான் இவ்வளவு காலமும் ஒரு மையித்துக்கோ நீண்ட ஆயுள் கேட்டனான்?”

சிரிக்கிறாய், தெரியும். எதெமும் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்தினார். ஏனென்றால் எங்கள் ஊரில் அன்று யாரும் சிரிக்கவில்லை. பள்ளியில் கூட்டம் கூடியது. இளைஞர்கள் எல்லோரும் பெயரை வெட்டு என்றார்கள். பள்ளியை நிர்வகிக்கிற ஒரு மரைக்கார் எழும்பி, “வெட்டிப்போட்டு யார்ட பேரைப் போடுறது? லண்டன் ராசாட பேரையோ?” என்று கேட்டார். “அவர்ட மூஞ்சியை முத்திரையில நக்கிறது காணாதோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு ஒரு கிழவர் பேசினார். அவர் பேசியதை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒரு பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. “எங்கட வாப்பாமார் வெள்ளைக்காரனுக்கு வரி குடுத்தவை. சலாம் போட்டவை. அவன்ட ரோட்டுக்குக் கல்லும் சுமந்தவை. துஆவை மட்டும் குடுக்கேல்ல. அதை வேற ஒருத்தருக்கு எண்டு பத்திரமா வச்சிருந்தவை. அந்த ஆள் இல்லையெண்டு இப்ப வந்து சொல்லுறாய். அப்ப நாங்கள் யார்ட ஆக்கள்?”

மகன், அந்த இடத்தில் என் சாச்சா ஒரு ஹதீஸ் சொல்லியிருக்கலாம். அவரிடம் இருந்தது. அவர் சொன்னது முழுவதும் சரி, கிழவர்கள் செய்தது முழுவதும் பிழை. ஹதீஸை விட்டுவிட்டு சாச்சா எழும்பினார்.

“மௌத்தானவரை மௌத்தானவர் மாதிரி அனுப்பாமல் பேரை மட்டும் வெட்டினா அது மரியாதையில்லை. காயிப் ஜனாஸா தொழுவம். லெப்பைதான் தொழுவிக்கோணும்.”

காயிப் ஜனாஸா உனக்குத் தெரியும், உடல் கண்முன்னால் இல்லாதவருக்காகத் தொழுகிற இறுதித் தொழுகை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர், யாரும் கண்டிராத ஒரு மனிதருக்கு, எங்கோ என்றைக்கோ அடக்கப்பட்ட ஒருவருக்கு, வரிசையாக நின்று ஜனாஸா தொழுதது. கடலுக்குப் போகிறவர்கள் அன்று தோணியை இறக்கவில்லை. தொழுகை முடிவில் சலாம் கொடுத்தபோது லெப்பையின் தாடி நனைந்திருந்தது. பெயரை வெட்டு என்று கத்தியவர்களும் அழுததை நான் பார்த்தேன். தொழுது முடிந்து வெளியே வந்து, சொந்த வீட்டு மையித்தை அடக்கிவிட்டு வந்தவர்கள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பேரரசை ஒரு மீன்பிடி ஊர் அடக்கம் செய்தது, மகன்! எந்த அரண்மனையில் இது நடந்தது? எந்தப் படை நின்றது?

அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் தேடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். லெப்பை தானாகவே சாச்சாவிடம் வந்து, “நான் ஓதுறதுக்குப் பொருள் என்னெண்டு எனக்குச் சொல்லித்தா” என்று கேட்டார். அந்த வயதில்! கொஞ்ச நாளில் குத்பாவில் தமிழில் விளக்கம் வந்தது. பெண்பிள்ளைகள் ஓதுவதற்குத் தனியாக ஒரு கொட்டில் போட்டார்கள். நான் அதில் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரின் மறுமலர்ச்சி அந்த ஜனாஸாவில்தான் தொடங்கியது. சாச்சா வெட்டிப்போட்டு வென்றிருந்தால் ஊரில் இரண்டு பள்ளி வந்திருக்கும், வேறொன்றும் வந்திருக்காது.

நம் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோகும் நாட்களை நினைத்துப் பார். ஓடும்போது எல்லோரும் மேலே எரிகிற இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நின்றுவிட்டால்தான் படியில் இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யார், அவருக்கு முழங்கால் வருத்தம், அவருடைய பிள்ளைக்கு என்ன பெயர் என்றெல்லாம் தெரியவரும். பேரரசும் அப்படித்தான். அது ஓடும்வரை தூக்கிக்கொண்டு போகும். நின்றபிறகு மனிதர்கள் தங்கள் காலைத் தேடுகிறார்கள். எகிப்தில் இங்கிலீசுக்காரனை எதிர்த்துத் தோற்ற ஒரு படைத்தலைவரை வாயடைக்க நம் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர் வந்து இருந்த காலத்தில்தான் நம் ஆட்கள் தலையில் அந்தச் சிவப்புத் தொப்பியும், ஆங்கிலமும் மார்க்கமும் சேர்த்துப் படிப்பிக்கும் பள்ளிக்கூடங்களும் வந்தன. தோற்றவர் கொண்டுவந்த விளக்கு! ஆனால் படியில் இறங்கும்போது ஒன்று கவனிக்கவேண்டும். நீ இளையவன், தடதடவென்று ஓடலாம். உனக்கு முன்னால் ஒருவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் பார்ட்டி ரூமில் மடிப்புக் கதிரையில் இருந்து எதெமுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என் முழங்காலில் ஓர் அடி போட்டார், இன்னும் நோகிறது. “எங்கட மத்ஹபுச் சட்டத்தில காயிப் ஜனாஸா இல்லை. பரவாயில்லை, எங்களுக்கும் சேர்த்து நீங்கள் தொழுதிட்டியள்!” என்றார். என் வாப்பாவின் படத்தில் துருக்கித் தொப்பியைக் கண்டதிலிருந்தே கேட்க நினைத்தாராம், அவருடைய ஊரிலும் அதே கதை. போஸ்னியாவை ஆஸ்திரியாக்காரன் பிடித்தபோது, வெள்ளிக்கிழமை குத்பாவில் சுல்தானின் பெயரைச் சொல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்களாம். நாட்டை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுக்கொடுத்தார்கள். அவருடைய பாட்டன்மார் அந்தப் பெயர் வரும் இடத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்களாம். ஒரு முனையில் மன்னார், மறுமுனையில் அவருடைய ஊர், இரண்டிலும் அந்நியன் ஆட்சி, இரண்டிலும் ஒரே அரண்மனைக்கு ஆமீன்! தொப்பியைத் தந்த துருக்கியிலேயே அந்தத் தொப்பியைத் தடை செய்தார்கள். அவருடைய பாட்டனும் என் வாப்பாவும் பிறகும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நாங்கள் இருவரும் இதைக் கண்டுபிடித்து எழுப்பிய சத்தத்தில், கதிரைகளை எடுக்க வந்த கட்டடத்துச் சூப்பரின்ரெண்டன் சண்டை என்று நினைத்து ஓடிவந்தார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். தங்கள் ஊரில் சுல்தானுக்கு யாரும் ஜனாஸா தொழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இமாம் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போனார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சிகள் வந்தன. பள்ளிக்குத் தொழப் போகிறவனுக்கு வேலையில் உயர்வு கிடைக்காத காலமும் வந்தது. அப்போது மார்க்கம் வீட்டுக்குள் போனது. பெண்கள் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு மவ்லிது ஓதினார்கள். பிள்ளை பிறந்தால், வீடு கட்டினால், கலியாணம் என்றால். “நான் நல்ல முஸ்லிம் இல்லை, பல் வைத்தியன்” என்றார். “என்ர மனுசி ஓதுவா. நான் அடுத்த அறையில பேப்பர் பாத்துக்கொண்டிருப்பன். கேட்டுக் கேட்டே பாடமாப் போச்சு.” அம்ராவின் உம்மா போஸ்னியாச் சண்டைக்கு முன்பே இறந்துவிட்டா. பிறகு அவருடைய ஊர்ப் பள்ளிக்குக் குண்டு வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளி நிற்கிறது, தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எங்களை எல்லாம் இயக்கக்காரர் வெளியேற்றியபிறகு அதில் தொழ ஆள் இல்லை. அவர் தொழ இருக்கிறார், பள்ளி இல்லை. அவரிடம் மிச்சம் இருப்பது மனைவியின் குரலில் கேட்டுப் பாடமான அந்த ஓதல் ஒன்றுதான். அதைத்தான் மகளின் கலியாணத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார்.

நான் அவசரப்பட்டு, “நான் மகனிடம் சொல்லி ஒழுங்கு பண்ணுறன்” என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “வேண்டாம். தகப்பன் சொல்லி மகன் விட்டுக்குடுத்தா நான் ஓதமாட்டன். நானும் இனிக் கேக்கமாட்டன்.” பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உன்னை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்த உரிமையை அவர் தரவில்லை. சாச்சாவுக்கும் மவ்லிது பிடிக்காது, அதை நான் மறைக்கமாட்டேன். யாராவது அழைத்தால் போய் முன்வரிசையில் இருந்து கடைசிவரை கேட்பார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், “ஓதுறது அவையின்ர பொறுப்பு, சாப்பிடுறது என்ர பொறுப்பு” என்பார். கொள்கையை அவர் ஒருநாளும் மாற்றவில்லை. ஊரும் ஒருநாளும் அவரை விட்டுப் போகவில்லை.

இந்தத் தலைமுறையில் பேரரசுகள் இல்லாமல், சுல்தான் இல்லாமல், ஊர்கூட இல்லாமல், ஒரு வாடகை மண்டபத்தில் பலூன்களுக்குக் கீழே சோமாலியாக்காரனும் கயானாக்காரனும் போஸ்னியாக்காரரும் மன்னார்க்காரனும் ஒரே வரிசையில் நிற்கிறோம். வரலாற்றில் இப்படி ஒரு வரிசை எங்கே நின்றது? இதில் உன்னுடைய கலியாணம் வருகிறது! எனக்கு நித்திரை வருமா? நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கதை இருக்கும். ஒரு பக்கத்துக் கதையை அதன் சொந்தக்காரர் வாயால் நீ இன்னும் கேட்கவில்லை.

மவ்லிது வேண்டாம் என்று நீ சொன்னாய். அவர் ஓதுவதை நீ ஒருமுறையாவது கேட்டிருக்கிறாயா? கேட்டபிறகும் வேண்டாம் என்று உன் மனது சொன்னால், அதை நீயே அவரிடம் சொல்லு. நான் உன் பக்கத்தில் நிற்பேன், உம்மாவையும் சமாளிப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட்டுக்குத் தனியாகப் போ. அம்ராவையும் கூட்டிக்கொண்டு போகாதே. புத்தகம் எதுவும் கொண்டுபோகாதே. அவருக்கு முன்னால் இருந்து, “மாமா, மாமி ஓதின மாதிரி எனக்கு ஒருக்கா ஓதிக் காட்டுங்கோ” என்று கேள். அவர் ஓதி முடிக்கும்வரை எழும்பாதே.